மிதிவண்டிப் பயணிகளுக்கு ஊர்வழிகள்: குறிஞ்சிப்பாடி வட்டாரத்தை முன்வைத்து ஒரு பாடம்

குறிஞ்சிப்பாடி என்னும் பெயரில் குறிஞ்சி இருக்கிறது. ஊரில் மலை இல்லை. ஆயினும் இவ்வட்டாரத்தைத் தட்டையான சமவெளி என்று சொல்லிவிடுவதும் பொருந்தாது. மேற்கே வடலூர், நெய்வேலிப் பக்கத்திலும், வடக்கே கடலூரை அடுத்த கேப்பர் மலைப் பக்கத்திலும் செம்மண் மேடுகள் அலையலையாக எழுந்து தாழ்கின்றன. அம்மேடுகளில் முந்திரியும் பலாவும் நிற்கின்றன. மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் நெல்வயல். அதைக் கடந்தால் பெருமாள் ஏரி. ஏரிக்கு அப்பால் மறுபடியும் வயல். பின்னர் உப்பங்கழி, சவுக்குத் தோப்பு, மணல்மேடு. அதற்கும் அப்பால் வங்காள விரிகுடா. முல்லை, மருதம், நெய்தல் என நம் முன்னோர் வகுத்த நிலங்களின் சாயலை ஒரே காலைப் பொழுதில், ஒரு சைக்கிளில் ஏறிக் கண்டுவிடலாம். பேருந்தில் செல்பவருக்கு இம்மாறுதல் தெரிவதில்லை. மிதிக்கிறவருக்குத்தான் மேடு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பது காலிலேயே தெரியும்.

இத்தகைய நிலப்பரப்பில் மிதிவண்டிச் சுற்றுப்பயணத்திற்குரிய வழிகளை ஊராட்சிகள் எவ்வாறு வகுக்கலாம் என்பதே இப்பாடத்தின் பொருள். “குடிநீர்க் குழாய்க்கே பணம் போதவில்லை; இதில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு வழி வேறா?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. புதிய சாலை எதுவும் போட வேண்டியதில்லை என்பது நமது முதல் விடை. வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, தோப்புக்குள் செல்லும் வண்டிப்பாதை, வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை எனப் பலவாக அவை சிதறிக் கிடக்கின்றன. ஒன்றோடொன்று எங்கே சேருகின்றன என்பது அவ்வவ்வூராருக்கு மட்டுமே தெரியும். அதை வெளியூரார்க்கும் தெரியச் செய்வதே வேலை.

இரண்டாவது விடையே முக்கியமானது. அதற்குச் சற்று முன்கதை தேவைப்படுகிறது.

யாருக்காக இந்த வழி?

அண்மை ஆண்டுகளில் சென்னை, புதுச்சேரி போன்ற நகரங்களில் ஓய்வு நாள்களில் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது. 2008ஆம் ஆண்டிலிருந்து நீலகிரிப் பகுதியில் நடைபெற்றுவரும் பல நாள் மிதிவண்டிப் பயணத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். கடற்கரையை ஒட்டிய நெடுஞ்சாலை வழியே தெற்கே வருகிறவர்கள் கடலூரைக் கடந்து பரங்கிப்பேட்டைக்கும் பிச்சாவரத்திற்கும் செல்கிறார்கள். நம் ஊர்களுக்குள் அவர்கள் திரும்புவது அரிது. திரும்பினால் எங்கே போய்ச் சேருவோம் என்பது தெரியாததே காரணம்.

இவர்களை வரவழைப்பது நல்லதுதான். ஆனால் இவர்கள் ஆண்டில் சில நாள் வருகிற விருந்தினர். நாள்தோறும் மிதிப்பவர்கள் வேறு. மேனிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவி, பால் கேனைத் தொங்கவிட்டுச் சொசைட்டிக்குச் செல்பவர், நூல் பாவை வாங்கிவரும் நெசவாளர், மண்வெட்டியுடன் கழனிக்குப் போகும் விவசாயி ஆகியோரே நம் சாலைகளின் உண்மையான மிதிவண்டிக்காரர்கள். தமிழ்நாட்டில் 2001–02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005–06 முதல் பிற மாணவ மாணவியர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. வண்டி வந்துவிட்டது. வழி வந்ததா என்பதே நாம் கேட்க வேண்டியது. பல ஊர்களில் உட்சாலை பழுதுபட்டுக் கிடப்பதால் பிள்ளைகள் நெடுஞ்சாலைக்கு ஏறி, லாரிகளின் ஓரமாகவே பள்ளிக்குச் செல்கிறார்கள். தந்தையர் அஞ்சுகிறார்கள். ஓராண்டு கழித்துப் பெண்ணின் மிதிவண்டி திண்ணைத் தூணில் சாய்ந்து நிற்கிறது. பெண் பேருந்துக்குக் காத்திருக்கிறாள், அல்லது படிப்பையே விட்டுவிடுகிறாள்.

மிதிவண்டி ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் காட்டியிருக்கிறது. 1991ஆம் ஆண்டில் அங்கு அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றனர். தண்ணீர் எடுத்துவருவதற்கும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்கும் ஆடவரை எதிர்பார்த்திருந்த நிலை அதனால் மாறிற்று. வெளியாருக்கென்று நாம் செப்பனிடும் வழி நம் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உரிய வழியாகவே அமைய வேண்டும். இவ்விருவருக்கும் ஒருங்கே பயன்படாத இடத்தில் ஒரு சட்டி சாயத்தைக்கூடச் செலவிட வேண்டாம் என்பது நமது கருத்து.

நாம் செய்த பிழை

வேறொரு வட்டாரத்தில் பணியாற்றிய காலத்தில் நாமும் இத்தகைய முயற்சியில் இறங்கியதுண்டு. படத்தை விரித்து வைத்து, ஒரு கோயிலிலிருந்து ஓர் அணைக்கட்டு வரை ஒரே கோடாக வழி வகுத்தோம். தொடக்கம் முதல் முடிவு வரை அம்புக்குறிப் பலகைகள் நட்டோம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. மூன்று மாதத்திற்குள் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. முதலாவது, வழியில் ஒரு பலகை சாய்ந்தால் அதற்குப் பின்னுள்ள பலகைகள் எல்லாம் பயனற்றுப் போயின; பயணி எங்கேயோ தவறி வேறு ஊரில் நின்று வழி கேட்டார். இரண்டாவது குறை பெரிது. கோட்டின் மேல் அமைந்த ஊர்களுக்கு மகிழ்ச்சி. அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களுக்கு மனத்தாங்கல். “எங்கள் ஊரில் இல்லாத எது அவர்கள் ஊரில் இருக்கிறது?” என்று கேட்டார்கள். நம்மிடம் விடை இல்லை. படத்தில் நேர்கோடு அவ்வழியே சென்றது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால்தானே சொல்வதற்கு! ஓரிரு பலகைகள் இரவோடிரவாகத் திருப்பி வைக்கப்பட்டன. யார் செய்தார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. நம்மீதே குற்றம் இருக்கும்போது விசாரிப்பதில் பொருளில்லை.

இக்குறைக்குரிய மருந்தைப் பிறகுதான் அறிந்தோம். அது பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்தது. அங்கு லிம்பர்க் என்னும் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தது. கடைசிச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. சுரங்கப் பொறியாளராக இருந்த ஹியூகோ போலன் என்பவர், தொழிலிழந்த அந்த நாட்டுப்புறத்திற்குப் பயணிகள் வருவதற்காக ஒரு முறையை வகுத்தார். வழிகளுக்குப் பெயர் வைக்காமல், வழிகள் கூடும் சந்திகளுக்கு எண் கொடுத்தார். ஒவ்வொரு சந்தியிலும் அதன் எண்ணும், அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு பாதையும் எந்த எண்ணுக்குச் செல்கிறது என்ற அம்புக்குறியும் இருக்கும். அவ்வளவே. பயணி தான் செல்ல விரும்பும் எண்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு புறப்படுவார். 1995இல் லிம்பர்க்கில் தொடங்கிய இம்முறை பின்னர் பெல்ஜியத்தின் பிற பகுதிகளிலும் நெதர்லாந்திலும் பரவிவிட்டது.

சுரங்கத்தை அருகே கொண்ட நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. நெய்வேலியில் 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் இவ்வட்டாரத்தின் மேற்கெல்லையை அடியோடு மாற்றியமைத்தது. சுரங்கத்திற்குள் நிலத்தடி நீர் பொங்கிவிடாமல் இருக்க இறைக்கப்படும் நீர்தான் பரவனாற்றின் வழியே கீழே உள்ள ஏரிகளுக்கும் வந்துசேருகிறது.

எண்முறையின் சிறப்பு யாதெனில், இதில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே விடுபட்ட ஊரும் இல்லை. எந்த ஊராட்சி தன் சந்தியைச் சீர்செய்கிறதோ அது அன்றே வலையில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு பலகை விழுந்தாலும் அடுத்த எண்ணைக் கண்டவுடன் பயணி தன் இடத்தை அறிந்துகொள்வார். வழி சொல்லும் ஊராருக்கும் எளிது: “ஏழாம் நம்பருக்கா? அந்தப் புளியமரத்துக்கிட்ட திரும்பு” என்று சொன்னால் போதும்.

எண்ணை எங்கே எழுதுவது?

தகரப் பலகை ஒன்று நட்டால் அது நெடுநாள் நிற்பதில்லை. புயல் தள்ளும், மாடு உராயும், பிறகு சொல்ல விரும்பாத வேறு காரணங்களும் உண்டு. நமது யோசனை வேறு. ஒவ்வொரு சிற்றூரிலும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி உண்டு. வயல்வெளியில் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அது கண்ணுக்குப் படும். பெரும்பாலும் ஊரின் நடுவில் அல்லது சாலைகள் கூடுமிடத்திற்கு அருகில் நிற்கிறது. அதன் தூணில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் கருப்பில் ஒரு முழ உயரத்தில் எண்ணையும், கீழே ஊர்ப்பெயரையும் எழுதிவிடலாம். வெயிலில் வருகிறவருக்கு எண்ணும் குடிநீரும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். தொட்டி இல்லாத சந்திகளில் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரையோ, நிழற்குடையின் பக்கச் சுவரையோ பயன்படுத்தலாம். அம்புக்குறிகளைத் தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் எழுதுக. அதற்கு மேல் எழுதினால் குனிந்து மிதிப்பவர் காணமாட்டார்.

இரு சந்திகளுக்கிடையே 3 முதல் 5 கிலோமீட்டர் தூரம் இருப்பது தக்கது. மிக நெருங்கினால் எண்கள் குழப்பும். மிக விலகினால் பயணி ஐயுறத் தொடங்குவார்.

வழியைச் சோதித்தல்

வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஜீப்பில் சென்று செய்யக் கூடாது. ஊராட்சி உறுப்பினர் ஒருவரும், சாலையை நன்கு அறிந்த விவசாயி ஒருவரும், கூடுமானால் பள்ளி மாணவி ஒருத்தியும் மிதிவண்டியிலேயே செல்ல வேண்டும். மூவரும் காண்பது மூன்று சாலைகளாக இருக்கும்.

முதலில் ஏற்றம். 30 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயரும் சாலையைப் பொறியாளர்கள் ஏற்கத்தக்க சரிவு என்பார்கள். சமவெளியிலும் மேடுபள்ள நிலத்திலும் போடப்படும் சாலைகளுக்கு அதுவே பொதுவான எல்லை. அத்தகைய ஏற்றத்தில் அதே வேகத்தில் செல்லச் சமநிலத்தில் மிதிப்பதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விசை வேண்டும். இதை அளக்கக் கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. கொத்தனாரிடமுள்ள ரசமட்டமும், 3 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் சாலையில் ஊன்றி, ரசமட்டம் நடுவில் நிற்கும்படி மறுமுனையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அம்முனைக்கும் சாலைக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் சரிவு முப்பதுக்கு ஒன்று. 15 சென்டிமீட்டர் இருந்தால் இருபதுக்கு ஒன்று. கியர் இல்லாத சைக்கிளில் பால் கேனுடன் வருகிறவர் அங்கு இறங்கித் தள்ளுவார். நம் செம்மண் மேடுகளில் பெரும்பாலும் நீண்ட, மெதுவான ஏற்றங்களே உள்ளன. ஓடைகளைக் கடக்குமிடத்தில் மட்டுமே சட்டென இறங்கிச் சட்டென ஏறும். அங்கு கவனிக்க வேண்டியது ஏற்றத்தைவிட இறக்கத்தின் அடியில் உள்ள தரைப்பாலம். மழைக்குப் பின் அதன்மேல் மணல் படிந்து கிடக்கும். வேகமாக இறங்கும் வண்டியின் முன்சக்கரம் அதில் சறுக்கும்.

அடுத்தது முள். மிதிவண்டிக்காரனின் முதற்பகை லாரி என்றால் இரண்டாம் பகை சீமைக்கருவேலம். சாலையோரத்தில் அதை வெட்டிப்போடுகிறவர் கிளையை எடுத்துச் செல்கிறார். உதிர்ந்த முள் சாலையிலேயே கிடக்கிறது. வெட்டியபின் பெருக்குவதையும் வேலையின் ஒரு பகுதியாகச் சேர்த்து எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எவரும் செய்யமாட்டார் என்பது நம் அனுபவம். வெட்டிய இடத்தில் வேம்பு, புங்கம், புளி நடலாம். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் நம் பகுதியின் முந்திரியும் பலாவும் சாலையோர மரங்களும் எத்தனை விழுந்தன என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அன்று போன நிழல் பல சாலைகளில் இன்னும் திரும்பவில்லை.

மூன்றாவது பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் நெல்லும் உளுந்தும் மணிலாவும் காய்கின்றன. கதிரையும் செடியையும் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளைக் கொண்டே மிதிக்கவைப்பதும் உண்டு. வெளியூர் மிதிவண்டிக்காரர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார். வைக்கோலில் சக்கரம் வழுக்கி விழுந்தவர் சண்டைக்கும் வருவார். ஆனால் தார்ச்சாலையைவிடச் சூடான, சுத்தமான களம் அவ்விவசாயிக்கு வேறில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. “சாலையில் காயப்போடாதே” என்று பலகை எழுதுவது எளிது, அது நேர்மையாகாது. வழித்தடத்தில் எந்தெந்த இடத்தில் எத்தனை மீட்டர் தூரத்திற்குத் தானியம் காய்கிறது என்பதைச் சோதனைப் பயணத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பே உலர்களம் எங்கே கட்டப்பட வேண்டும் என்பதற்குரிய பட்டியலாகும். மிதிவண்டி வழிக்கென்று தொடங்கிய வேலையில் விவசாயிக்கு ஒரு களம் கிடைக்குமானால், அதுவே போதிய ஆதாயம் என்று நாம் கருதுகிறோம். களம் கட்டப்படும் வரையில், சாலையின் ஒரு பாதியில் மட்டும் பரப்புவது, வளைவிலும் இறக்கத்தின் அடியிலும் பரப்பாமலிருப்பது, இரவில் கல் வைத்து மூடாமலிருப்பது ஆகிய மூன்றையும் கிராம சபையில் பேசி உடன்படலாம். மூன்றாவதைக் கட்டாயமாக்குக. இருட்டில் அந்தக் கல்லில் மோதி விழுகிறவர் பெரும்பாலும் வெளியூராராக இருப்பதில்லை.

ஊரார் தாமாகவே போட்ட, வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகளுக்கும் இதுவே பொருந்தும். நீக்குக, அல்லது கோடு போடுக.

கடைசியாக நெடுஞ்சாலை. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலை குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகச் செல்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலை ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் செல்கிறது. நமது வழிகள் இவற்றைக் குறுக்கே கடக்கலாம். இவற்றின்மேல் செல்லக் கூடாது. தவிர்க்க இயலாமல் சிறிது தூரம் சென்றாக வேண்டுமாயின், அத்துண்டை மாணவி ஒருத்தி காலை எட்டரை மணிக்குத் தனியே கடக்க அவள் தாய் ஒப்புவாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பமாட்டார் என்றால் வேறு வழி தேடுக. கடக்கும் இடத்தில் மின்விளக்கும், சாலையோரப் புதர் நீக்கமும் நெடுஞ்சாலைத் துறையிடம் எழுத்து மூலம் கோரப்பட வேண்டும்.

ஒரு மாதிரி வழி

வடலூரில் தொடங்குவோம். இராமலிங்க அடிகள் 1867இல் இங்கு தருமச்சாலையை நிறுவினார். பார்வதிபுரம் மக்கள் அளித்த நிலத்தில் 1872இல் சத்திய ஞான சபை எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது; பசித்து வருகிற எவருக்கும் அங்கு உணவு உண்டு. புறப்படுமுன் பயணி எங்கே உண்பார் என்ற கவலை நமக்கு இல்லை.

வடலூரிலிருந்து உட்சாலைகள் வழியே கிழக்கே ஏழெட்டுக் கிலோமீட்டரில் குறிஞ்சிப்பாடி. செம்மண் மேட்டின் இறக்கம் இது. இங்கு நெசவுத் தெருக்களில் கைத்தறியின் ஓசை கேட்கும். கைலி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பயணி இங்கு கால் மணி நேரம் நின்றாலும் ஒரு கைலியாவது விற்கும் என்று நெசவாளர் ஒருவர் நம்மிடம் கூறினார். “நிற்கும்படி ஒரு மரம் வையுங்கள்” என்றும் சேர்த்துச் சொன்னார்.

குறிஞ்சிப்பாடியைக் கடந்து, குள்ளஞ்சாவடிக்கும் ஆலப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட ஊர்களின் வழியே செல்கையில் நிலம் தாழ்ந்து நீர் தொடங்குகிறது. பெருமாள் ஏரி நீண்டு கிடக்கும் இப்பகுதியே இவ்வழியின் உயிர். மழைக்காலத்திற்குப் பின் ஏரி நிறைந்திருக்கும்போது நாரையும் நீர்க்காகமும் வெளியூர்ப் பறவைகளும் இறங்குகின்றன. கரையின்மேல் வண்டிப்பாதை உள்ள இடங்களில் மிதிவண்டி செல்வதால் கரைக்குக் கேடு இல்லை. டிராக்டரும் மணல் வண்டியும் செல்வதுதான் கேடு. ஏரிக்கரை நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ளது. ஆகையால் துறையின் இசைவின்றி அங்கு எண்ணும் எழுதக் கூடாது, மரமும் நடக் கூடாது. கரையில் வேர்விடும் பெருமரம் நாளடைவில் கரையையே பிளக்கும். கரையில் ஆள்நடமாட்டம் இருந்தால் உடைப்பும் கசிவும் விரைவில் கண்ணில் படும் என்பது பழைய கரைக்காவலர் அறிந்த உண்மை. இதே மாவட்டத்தில் வீராணம் ஏரிக்கரையை ஒட்டிச் சாலையே செல்வதை நாம் காண்கிறோம்.

ஆலப்பாக்கத்தை அடுத்துத் தீர்த்தனகிரி. சுந்தரர் பாடிய திருத்தினைநகர் இதுவே. அடியாருக்கு உணவளித்த பின்னரே உண்ணும் உழவர் ஒருவருக்காக இறைவனே ஏர் பூட்டி உழ, விதைத்த தினை அன்றே விளைந்தது என்பது தலபுராணம். விதைத்த அன்றே விளைச்சல் நம் வேளாண்மை விரிவாக்க அலுவலர்களாலும் ஆகாதது! பின்னர் ஆலப்பாக்கத்திற்குக் கிழக்கே திருச்சோபுரம். சம்பந்தர் பாடிய ஊர். மணலால் மூடுண்டு கிடந்து பின்னர் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் கோயில் இங்குள்ளது. இங்கிருந்தே கடற்காற்று முகத்தில் படும். கடலுக்கும் ஊர்களுக்கும் இடையே உப்பங்கழி கரைக்கு இணையாக ஓடுவதால், பாலம் உள்ள இடத்தில் மட்டுமே கடற்கரைக் குப்பங்களுக்குக் கடக்க முடியும். 2004 டிசம்பர் 26 அன்று கடல்கோள் வந்தபோது இக்கரையிலுள்ள மீனவர் ஊர்கள் பட்ட துன்பம் பெரிது. குப்பங்களை வழியில் சேர்ப்பதா என்பதை அவ்வூரார் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்; நாம் எண் எழுதிவிட்டுச் சொல்லக் கூடாது.

வடலூரிலிருந்து இங்கு வரை, உட்சாலைகளின் வளைவைப் பொறுத்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆகும். பழகாதவருக்கும் ஒரு காலைப் பயணத்திற்கு ஏற்ற தூரம். வடலூரும் குறிஞ்சிப்பாடியும் கடலூர்த் துறைமுகம்–விருத்தாசலம் இருப்புப் பாதையில் உள்ளன. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை ஆகியவை விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையில் உள்ளன. ஆகையால் இரு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. களைத்தவர் அதே வழியில் திரும்பியாக வேண்டும் என்பதில்லை.

காற்றும் காலமும்

இவ்வழியைக் காலையில் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும்படி வகுத்ததற்குக் காரணம் உண்டு. விடியலில் நிலம் குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீசும். முற்பகல் முடியும் வேளையில் நிலம் சூடேறி, கடற்காற்று கரையேறும். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, காற்று முதுகில் பட இறக்கத்தில் கடலுக்குச் சென்று, பிற்பகல் வெயில் தணிந்தபின் அதே கடற்காற்று பின்னின்று தள்ள மேடேறித் திரும்பலாம். மீனவர் கட்டுமரத்தில் சென்று வரும் கணக்கும் இதுவே. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருப்பதால் திரும்பும் பயணம் கடினமாகும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். அப்போது வழியை மூடிவிடுவதே முறை. தை முதல் பங்குனி வரை மிகத் தக்க காலம். சித்திரைக்கு மேல் காலை ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

முந்திரிக் காய்ப்பும் மாசி முதல்தான். பச்சை முந்திரிக்கொட்டையைப் பறித்துக் கடிக்க வேண்டாம் என்று வெளியூராரை எச்சரிக்க வேண்டும். ஓட்டின் பால் பட்டால் வாயும் தோலும் வெந்துவிடும். தோட்டக்காரருக்கு நட்டம் என்பதைவிட இந்தச் செய்தி விரைவில் பயன் தருகிறது.

வருவாய் பற்றி

பெருவருவாய் வரும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மிதிவண்டியில் வருகிறவர் சுமை தூக்கமாட்டார், அதிகம் வாங்கமாட்டார். ஆனால் அவருக்குப் பசியும் தாகமும் மற்றவரைவிட அதிகம். கம்பங்கூழ், மோர், இளநீர், நுங்கு, வறுத்த மணிலா, பருவத்தில் பலாச்சுளை இவையே விற்கும். மகளிர் சுய உதவிக் குழுவினர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு நிழலில் அமர்ந்தால் போதும். பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் ஒருவர் அவ்வழியில் இருப்பாரானால் அவர் பெயரை எண்ணுக்குக் கீழே எழுதுவது தகும். கழிப்பறை இல்லாத சந்தியில் பயணிகளை நிற்கச் சொல்லக் கூடாது, பெண்கள் வரமாட்டார்கள்.

கிராம சபைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

வழியில் அமையும் ஊராட்சிகள் தனித்தனியே தீர்மானம் இயற்றினால் எண்கள் ஒன்றோடொன்று மோதும். ஆகவே முதலில் அண்டை ஊராட்சிகள் கூடி எண்களைப் பங்கிட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றும் தன் கிராம சபையில் வைப்பது நன்று. சனவரி 26ஆம் நாள் கூட்டத்திற்குக் கொண்டுவந்தால் அவ்வாண்டின் தைப்பருவத்திற்குள் எண் எழுதி முடிக்கலாம். கூட்டத்தில் ஊர்ப்படம் ஒன்றை விரித்து வைக்க வேண்டும். அதில் வழியும், ஏற்றமும், தானியம் காயும் இடங்களும், மாணவர் செல்லும் பாதையும் நான்கு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கட்டும். எங்கே மூன்று நிறம் ஒரே இடத்தில் கூடுகிறதோ, அங்கிருந்து செப்பனிடத் தொடங்குக.

எழுதுகிறவர் வண்ணம் பூசுவதற்கு முன், அவ்வூர்ப் பிள்ளைகளிடம் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும். நாம் ஒரு தூணில் 6 என்று எழுதவைத்துத் திரும்புகையில், அடுத்த ஊரிலும் 6 இருப்பதைச் சுட்டிக்காட்டியவள் ஏழாம் வகுப்பு மாணவி. அவள் அன்று வந்தது அண்ணனின் சைக்கிளில். கால் எட்டாமல் குறுக்குக் கம்பிக்குக் கீழே கால்விட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள்.